பழைய சாக்சபோனுக்குப் புது மூச்சு



நம் பள்ளியில் படித்து, செவிலியாகி, சிகாகோ நகர மருத்துவமனையில் பல ஆண்டுகளாகப் பணி செய்து வருபவள் நான். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கடிதம் வந்தபோது, உடல் நலம் பற்றி எழுதுவேன் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுதப் போவதும் ஒரு வகையில் மருத்துவம்தான். ஆனால் நோயாளி மனிதர் அல்லர். நூறு வயதை நெருங்கிய ஒரு சாக்சபோன். என் மகளுக்காக அதை வாங்கினோம், பிரித்தோம், கழுவினோம், மீண்டும் பாட வைத்தோம். அதற்கு முன் ஒரு முறை நன்றாக ஏமாந்தும் போனோம். இரண்டிலும் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பித்தளையில் பிறந்த மரக்குழல்

சாக்சபோனைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியம் நாட்டுத் தினான் நகரில் 1814-ஆம் ஆண்டு பிறந்த அடால்ஃப் சாக்ஸ். அவருடைய தந்தையும் இசைக்கருவி செய்பவரே. சிறு வயதில் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தார், ஊசியை விழுங்கினார், ஆற்றில் மூழ்கப் பார்த்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு பட்டியலே தருகிறார்கள். அத்தனைக்கும் தப்பிப் பிழைத்த அவர், பாரிஸ் நகரில் குடியேறி, 1846-ஆம் ஆண்டு சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றார். 1857 முதல் 1870 வரை பாரிஸ் இசைக் கல்லூரியில் அதைக் கற்பித்தார். போட்டியாளர்கள் தொடுத்த வழக்குகளால் பொருளெல்லாம் கரைந்து, 1894-இல் வறுமையிலேயே இறந்தார். அவர் பெயர் மட்டும் கருவியோடு ஒட்டிக்கொண்டு உலகெங்கும் வலம் வருகிறது.

சாக்சபோன் பளபளக்கும் பித்தளைக் குழாய்தானே. பிறகு ஏன் அதை மரக்குழல் வகையில் சேர்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஒரு கருவியின் இனத்தை உடம்பின் உலோகத்தைக் கொண்டு முடிவு செய்வதில்லை. ஒலி பிறக்கும் முறையைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். ட்ரம்பெட்டில் ஊதுபவரின் உதடு அதிர்கிறது. சாக்சபோனிலோ, ஊதுவாயில் கட்டிய மெல்லிய நாணல் பட்டை அதிர்கிறது. அதற்கு ரீட் என்று பெயர். நம் நாகசுரத்துச் சீவாளிக்கு இரண்டு நாக்கு. சாக்சபோனுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் உடம்பு இரண்டுக்கும் ஒரே சாயல்: மேலே குறுகி, கீழே வரவர விரியும் கூம்புக் குழாய்.

புல்லாங்குழலின் துளைகளை விரலால் மூடுகிறோம். சாக்சபோனின் துளைகள் விரலுக்கு அடங்காத அகலம் உடையவை. கீழே உள்ளவை கிண்ணத்தின் வாயளவு இருக்கும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி. மூடிக்குள் தோல் போர்த்திய சிறு மெத்தை. மூடியை இயக்க ஒரு நெம்புகோல். அதைத் திருப்பி அனுப்ப ஒரு ஸ்பிரிங். இந்த மெத்தைக்குப் பேட் என்றும், நெம்புகோலுக்குக் கீ என்றும் பெயர். ஓர் ஆல்ட்டோ சாக்சபோனில் இருபதுக்கும் மேற்பட்ட பேடுகள் உண்டு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதையே பற்றியது.

இது ஆண்கள் கருவி என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பாஸ்டன் நகரைச் சேர்ந்த எலிஸ் ஹால் என்ற பெண்மணி, காது கேட்கும் திறன் குறையத் தொடங்கிய பின், நாற்பது வயதைக் கடந்த நிலையில் சாக்சபோன் கற்றார். புகழ்பெற்ற பிரெஞ்சு இசைமேதை தெபுஸியிடமே பணம் கொடுத்துத் தமக்கென ஒரு படைப்பை எழுதச் சொன்னார். அது தெபுஸி இறந்த பின்னரே, 1919-இல், பாரிஸில் அரங்கேறியது. அதே போல், 1930-களின் பிற்பகுதியில் மிசிசிப்பி மாநிலத்தில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த பைனி உட்ஸ் பள்ளியில், பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக மாணவியரைக் கொண்டே ஓர் இசைக்குழு அமைத்தார்கள். அதுவே பின்னாளில் ‘இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்’ என்று பெரும் பெயர் பெற்றது. பள்ளிப் பெண்கள் ஊதிய கருவி இது!

நான் ஏமாந்த கதை

என் மகள் பன்னிரண்டு வயதில் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்தாள். ஆல்ட்டோ சாக்சபோன் வேண்டும் என்றாள். புதியதன் விலையைக் கேட்டதும் எனக்கு மூச்சு நின்றது. ‘பழையது வாங்கினால் என்ன?’ என்று தோன்றியது.

தோன்றியதில் தவறில்லை. நான் இருக்கும் ஊரிலிருந்து நூறு மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், இந்தியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற சிறு நகரம் இருக்கிறது. கான், பியூஷர், மார்ட்டின் என்ற பெயர்பெற்ற சாக்சபோன் தொழிற்சாலைகள் அங்கேதான் இருந்தன. 1920-களில் அமெரிக்காவில் சாக்சபோன் மோகம் தலைக்கேறியிருந்தது. வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். 1929-இல் பொருளாதாரச் சரிவு வந்ததும் மோகம் அடங்கியது. ஆயிரக்கணக்கான கருவிகள் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் உறங்கப் போயின. அவற்றில் பல நல்ல பித்தளையில், நல்ல கைவேலையில் செய்யப்பட்டவை. தேடினால் இன்றும் கிடைக்கின்றன.

ஒரு பழைய பொருள் கடையில், பொன் போல மின்னிய ஆல்ட்டோ ஒன்றைப் பார்த்தேன். கடைக்காரர் ‘இப்போதுதான் மெருகேற்றியது’ என்றார். விலையும் கைக்கு எட்டியது. வேறொன்றும் விசாரிக்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் மகளின் முகம் வாடியது. அவள் ஊதினால் மற்றவர்களோடு சுருதி சேரவில்லை. ஊதுவாயை வெளியே இழுத்துப் பார்த்தாள். மேல் சுரங்கள் இறங்கிவிட்டன, கீழ்ச் சுரங்கள் ஏறியே நின்றன. உடன் படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். ‘அம்மா, எனக்குக் காது சரியில்லை போலிருக்கிறது. நான் விட்டுவிடுகிறேன்’ என்றாள். நானும், மனமார ஒப்புக்கொள்கிறேன், ‘நீ இன்னும் கவனமாகப் பழக வேண்டும்’ என்று கடிந்துகொண்டேன்.

கடைசியில் கருவிகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் ஊதிக்கூடப் பார்க்கவில்லை. கருவியைத் திருப்பினார், பின்பக்கம் பொறித்திருந்த வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்ற ஒற்றை எழுத்தின்மேல் விரலை வைத்தார். ‘குழந்தையின் காது நன்றாக இருக்கிறது, கருவிதான் தவறு’ என்றார். மகள் அழுதுவிட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அந்த எழுத்தின் பொருள் இதுதான். இப்போது உலகெங்கும் ‘ஏ’ என்னும் சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்திருக்கிறார்கள். 1939-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு இந்த அளவைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் ஊருக்கு ஒரு சுருதி இருந்தது. இராணுவ வாத்தியக் குழுக்கள் பல, ஏறத்தாழ 457 அதிர்வு வரை உயர்ந்த சுருதியில் வாசித்தன. இது அரைச் சுரத்தில் பாதிக்கும் மேலான வேறுபாடு. ஆகவே தொழிற்சாலைகள் இரண்டு வகையும் செய்து, உயர் சுருதிக்கு ‘எச்’ அல்லது ‘ஹை பிட்ச்’ என்றும், தாழ்ந்த சுருதிக்கு ‘எல்’ அல்லது ‘லோ பிட்ச்’ என்றும் முத்திரையிட்டன.

ஊதுவாயை இழுத்தால் சரியாகாதோ? ஆகாது. இழுக்கும்போது குழாயின் நீளம் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவு கூடுகிறது. மேல் சுரங்களுக்குக் குழாய் குட்டை. கீழ்ச் சுரங்களுக்கு நெட்டை. ஒரு சாண் கயிற்றில் ஓர் அங்குலம் கூட்டுவதும், ஒரு முழக் கயிற்றில் ஓர் அங்குலம் கூட்டுவதும் ஒன்றாகுமா? ஆகவே மேலது அதிகம் இறங்கும். கீழது கொஞ்சமே இறங்கும். துளைகளின் இடமே வேறாக இருக்க வேண்டும்; அதை எந்தத் தச்சனாலும் மாற்ற முடியாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அந்த முதியவர் கற்றுத் தந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் முத்திரையைப் பாருங்கள். வரிசை எண் பெரும்பாலும் குழாயின் பின்பக்கம், கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே இருக்கும். எண்ணைக் கொண்டு கருவி செய்யப்பட்ட காலத்தை ஏறக்குறைய அறியலாம். ‘எச்’ இருந்தால், எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. எந்த வகை என்று கேளுங்கள். 1920-களில் ‘சி மெலடி’ என்ற வகை ஏராளமாக விற்றது. பியானோப் புத்தகத்தை அப்படியே பார்த்து வீட்டில் வாசிக்கலாம் என்பதால் மக்கள் விரும்பினார்கள். ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட அளவு. இன்று மலிவாகக் கிடைக்கும். ஆனால் பள்ளி இசைக்குழுவில் அதற்கென்று பாட்டு எழுதுவதில்லை.

3. உடம்பு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் குழாய் நெடுகக் கண்ணை ஓட்டுங்கள். கீழே விழுந்த கருவி சற்று வளைந்திருக்கும். வளைந்தால் நீண்ட கம்பிகள் இறுகி, கீகள் சிக்கும். ஊதுவாய் மாட்டும் கழுத்துக் குழாய் கீழ்நோக்கி அழுந்தி, முட்டை வடிவாக நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்து அந்தக் கருவிக்கே உரியதா என்பதும் முக்கியம். மாற்றுக் கழுத்து மாட்டினால் சுருதி கெடலாம்.

4. கருமையைக் கண்டு அஞ்சாதீர்கள். மினுக்கைக் கண்டு மயங்காதீர்கள். வெள்ளி முலாம் பூசிய கருவி கறுப்பது, நம் வெள்ளிக் கொலுசு காற்றிலுள்ள கந்தகத்தால் கறுப்பது போன்றதே. அது நோயல்ல, தூசிதான். ஆனால் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கவனம் வேண்டும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் நிற்கும் இடம்தான் அந்தச் சிவப்பு. அங்கே உலோகம் வலுவிழந்திருக்கும்.

5. பூ வேலைப்பாட்டைத் தடவிப் பாருங்கள். அக்காலத்தில் மணிவாயில் கையால் கொடிகளும் பூக்களும் செதுக்குவார்கள். கோடுகள் கூர்மையாக இருந்தால் நல்லது. தேய்ந்து மழுங்கியிருந்தால், யாரோ சக்கரத்தில் தேய்த்துப் புதிதாக லாக்கர் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படித் தேய்க்கும்போது பூ மட்டுமா போகும்? உலோகமும் போகும். என் முதல் கருவியின் ‘பொன்னொளி’ இப்படி வந்ததுதான்.

6. கீகளை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் தேய்ந்துவிட்டன. கம்பிகள், காப்புத் தகடுகள், திருகுகள் ஏதேனும் குறைகின்றனவா என்று எண்ணுங்கள். நூறாண்டுக்கு முந்திய உறுப்பைக் கடையில் கேட்டால் கிடைக்காது.

7. விலையை இரண்டால் பெருக்குங்கள். பழைய கருவிக்குப் பேடு முழுவதும் மாற்றிச் சீர்செய்யும் கூலி, பல சமயம் கருவியின் விலைக்கே சமமாகும். பெற்றோர்கள் இதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து நல்லதொரு புதுக் கருவியின் விலையைத் தாண்டினால், தயங்காமல் புதியதையே வாங்குங்கள். பழமை என்பதற்காகவே ஒன்று உயர்ந்ததாகிவிடாது.

இந்த ஏழையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல வாரங்கள் அலைந்தோம். ஒரு வீட்டைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்த பெட்டியில், கரிச்சட்டிபோல் கறுத்த ஆல்ட்டோ ஒன்று கிடந்தது. 1920-களில் பியூஷர் தொழிற்சாலையில் செய்த ‘ட்ரூ டோன்’. பின்பக்கம் ‘லோ பிட்ச்’ என்று தெளிவாக இருந்தது. குழாய் நேர், கழுத்து நலம், பூக்கள் கூர்மை. பேடுகள் மட்டும் காய்ந்த வடகம்போல் வெடித்திருந்தன. முதல் கருவிக்குக் கொடுத்ததில் பாதி விலைக்கு வாங்கினோம். முதியவர் அதைப் பார்த்துப் புன்னகை செய்தார். ‘சனிக்கிழமைகளில் வாருங்கள், நீங்களே செய்யக்கூடியதை நீங்கள் செய்யுங்கள், மற்றதை நான் செய்கிறேன்’ என்றார்.

சிகிச்சை

பிரிப்பது முதல் வேலை. ஒவ்வொரு திருகையும் அது வந்த இடம் எழுதிய அட்டையில் குத்தி வைத்தோம். எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. துருப்பிடித்து அசையாத திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் தலை முறியும். ‘பொறுமைதான் விலை குறைந்த கருவி’ என்பார் முதியவர்.

பேடுகளைக் கழற்றுவதில் ஒரு வியப்பு காத்திருந்தது. பெரும்பாலான சாக்சபோன்களில் பேடை மூடிக்குள் ஒட்டுவது எதனால் தெரியுமா? அரக்கினால்! அரக்கு மாளிகைக் கதையில் கேட்டோமே, அதே அரக்குதான். நம் நாட்டு ஜார்கண்ட் போன்ற மாநிலங்களில் பலாசம், இலந்தை மரங்களில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் பிசின் அது. மூடியின் முதுகில் சிறு சுடரைக் காட்டினால் அரக்கு இளகி, பேடு கழன்றுவிடும். ஆறினால் மீண்டும் கல்லாகும். பிரான்சில் விளைந்த நாணல், அமெரிக்காவில் செய்த குழாய், இந்தியாவின் அரக்கு: ஒரு கருவிக்குள் எத்தனை நாடுகள்!

ஆனால் எங்கள் பியூஷரில் மற்றொரு புதுமை இருந்தது. பேடின் நடுவே துளையிட்டு, சட்டைப் பொத்தானை அழுத்துவதுபோல் ஓர் உலோக வில்லையால் மூடிக்குள் பொருத்தியிருந்தார்கள். பிற்காலத்தில் பலர் இந்தப் பொத்தான்களை வெட்டி எறிந்துவிட்டு வேறு முறையில் பேடு வைத்தார்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. எங்கள் கருவியில் எல்லாப் பொத்தான்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் துடைத்து டப்பாவில் பூட்டி வைத்தது என் மகளின் பொறுப்பு.

கழுவுவது அடுத்த வேலை. பித்தளை என்றதும் நம் வீட்டில் புளியைத் தேடுவோம்; வெள்ளி என்றால் பல்பொடியை எடுப்போம். இங்கே இரண்டும் கூடாது. புளியின் அமிலம் எஃகு ஊசிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பல்பொடி மெல்லிய வெள்ளி முலாமைக் கீறும். வெதுவெதுப்பான நீர், சிறிது மென்மையான சவர்க்காரம், மெத்தென்ற தூரிகை போதும். பிறகு ஈரமே இல்லாமல் உலர்த்த வேண்டும். கறுப்பை வெள்ளிக்கென்றே உள்ள துணியால் கையால் மட்டும் தேய்த்தோம். மூன்று சனிக்கிழமை அதற்கே போயிற்று. கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு பூங்கொத்து மெல்ல மெல்ல எழுந்து வந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

செவிலி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பிறர் ஊதிய ரீடை ஒருநாளும் வாயில் வைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். ஊதுவாயைச் சவர்க்கார நீரில் கழுவுங்கள். ஆனால் கொதிநீர் வேண்டாம். பழைய ஊதுவாய்கள் எபனைட் என்னும் கெட்டி ரப்பரால் ஆனவை. சூடு பட்டால் நிறம் மாறிக் கந்தக நாற்றம் எழும். பழைய பேடின் தூசியைத் தட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் ஈயத்தைத் தொட்ட கையோடு உண்ணாதீர்கள்.

நசுங்கல்களை எடுத்தது முதியவர். சுத்தியலால் வெளியே தட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வழவழப்பான எஃகுக் குண்டை நீண்ட கம்பியில் பொருத்திக் குழாய்க்குள் செலுத்தி, உள்ளிருந்து தடவித் தடவி மேடாக்கினார். சிறு பள்ளங்கள் சிலவற்றை விட்டுவிட்டார். ‘ஒலியைக் கெடுக்காத தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும்’ என்றார். துளைகளின் விளிம்பு சமமாக உள்ளதா என்று தட்டையான தகட்டை வைத்துப் பார்த்தார். விளிம்பு கோணினால் எந்தப் பேடும் மூடாது. தேய்ந்து ஆடிய கீகளின் குழல்களைச் சுற்றிலும் அழுத்தி, இழையளவு நீளச் செய்து ஆட்டத்தை நிறுத்தினார். துருப்பிடித்த ஊசி ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக நீலம் பாய்ந்த புது எஃகு ஊசிகளைச் செருகினார்.

பிறகு புதுப் பேடுகள். ஒவ்வொரு மூடிக்கும் அளவு வேறு. அரை மில்லிமீட்டர் வித்தியாசமும் கணக்கில் சேரும். பேடு துளையின்மேல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் படிய வேண்டும். ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் பட்டால் காற்று கசியும். சோதிப்பது எப்படி? அறையை இருட்டாக்கி, குழாய்க்குள் சிறு விளக்கை இறக்க வேண்டும். மூடியை மெல்ல மூடியதும், எங்கே ஒளிக்கீற்று தெரிகிறதோ அங்கே கசிவு. மெல்லிய தாள்துண்டைப் பேடின் கீழ் வைத்து இழுத்தும் பார்க்கலாம்; எல்லாப் பக்கமும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? மேலே சொன்னதை நினைவுபடுத்துங்கள். மிகக் கீழான சுரத்தை ஊத வேண்டுமானால் மேலே உள்ள அத்தனை துளைகளும் அடைபட வேண்டும். உச்சியில் ஒரு தலைமுடி அளவு கசிந்தாலும், அடிச் சுரம் கரகரக்கும் அல்லது வரவே வராது. குற்றம் மேலே; தண்டனை கீழே. மாணவியோ தன் மூச்சுப் போதவில்லை என்று எண்ணிக் கீயை நெரிப்பாள். அதனால் பேடு இன்னும் கெடும்.

கடைசியாக, கார்க்கும் கம்பளித் துண்டுகளும். ஒரு கீயை அழுத்தினால் இரண்டு மூடிகள் சேர்ந்து மூடும் இடங்கள் சில உண்டு. அவற்றை இணைக்கும் கார்க் சற்றே தடித்தால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். ஒரு தாளின் தடிமன்தான் வித்தியாசம்! மணல்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தோம். கழுத்தின் முனையில் புதுக் கார்க் சுற்றி, ஊதுவாய் இறுக்கமாக ஏறும்படி இழைத்தோம். எல்லா அச்சுகளுக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய்.

முதல் மூச்சு

எல்லாம் முடிந்த சனிக்கிழமை, முதியவர் கருவியை என் மகளிடம் கொடுத்து, ‘அடிச் சுரத்திலிருந்து தொடங்கு’ என்றார். முந்திய கருவியில் அவளுக்கு ஒருநாளும் வராத சுரம் அது. தயங்கித் தயங்கி ஊதினாள். தடையின்றி வந்தது. அவர் பியானோவில் அதே சுரத்தைத் தட்டினார். இரண்டும் ஒன்றாக நின்றன. மகள் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ‘அம்மா, என் காது சரியாகத்தான் இருக்கிறது’ என்றாள்.

புதுப் பேடுகள் சில வாரங்களில் சற்றே அமுங்கும். ஆகவே மீண்டும் ஒரு முறை கொண்டுபோய்ச் சரிபார்த்தோம். அதன் பிறகு வேண்டியதெல்லாம் அன்றாடப் பேணுதலே. ஊதி முடித்ததும் குழாய்க்குள் துணி விட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். ரீடைக் கழற்றி உலர வைக்க வேண்டும். இனிப்பு தின்ற வாயோடு ஊதக் கூடாது. சர்க்கரை பேடுகளைப் பிசுபிசுக்கச் செய்யும். பெட்டிக்குள் வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

மேல்நாட்டுக் கருவிக்கு இவ்வளவு பாடா என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுவேன். 1949-இல் தென் கன்னடத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத், தந்தையிடம் நாகசுரம் பயின்றவர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, கமகம் குழையும் கருநாடக இசையை அந்தப் பித்தளைக் குழாயில் கொண்டுவந்தார். 1994-இல் வெளியான ‘டூயட்’ திரைப்படத்தில் ஒலித்த சாக்சபோன் அவருடையதே. 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2019-இல் மறைந்தார். கருவிக்கு நாடு இல்லை. அதை எடுத்தவரின் உழைப்பே அதற்கு நாடு.

தங்கைகளே, உங்களில் எத்தனை பேர் பழைய சாக்சபோன் வாங்கப் போகிறீர்கள்? ஒருவரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் பாட்டியின் தையல் இயந்திரமோ, தாத்தாவின் ஆர்மோனியமோ மூலையில் கிடக்கும். அதைத் தூக்கி எறியுமுன் திருகொன்றைக் கழற்றி உள்ளே பாருங்கள். யாரோ ஒரு தொழிலாளி உங்களுக்கு முன்னே அங்கே கவனமாக உழைத்திருப்பது தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தடுமாறும்போது முதலில் பிள்ளையைக் கடியாதீர்கள்; கையில் கொடுத்த கருவியைத் திருப்பிப் பாருங்கள். இசையில் மட்டுமல்ல, படிப்பிலும் இது பொருந்தும். மங்கிய கண்ணாடி, எட்டாத மேசை, புரியாத புத்தகம் என்று எங்கோ ஒரு சிறு கசிவு இருக்கும். நான் அதைப் பிந்தித்தான் கற்றேன். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுத்த பெட்டி இன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் திறக்கிறாள்.